குமரி மாவட்டத்துக்குள் ஒரு வாரம்: காரில் வருவோருக்கு ஒரு விரிவான பதில்

கோவையிலிருந்து பெற்றோரையும் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சொந்தக் காரில் வரப்போவதாகவும், கையில் ஏழு நாள் இருப்பதாகவும், பழைமையான ஊர்களும் கடற்கரையும் சேர்ந்த ஒரு பயணம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கன்னியாகுமரிக்கு ஒன்றரை நாள் ஒதுக்கிவிட்டு, இராமேசுவரம், திருச்செந்தூர், குற்றாலம், திருவனந்தபுரம், கோவளம் என மிச்ச நாள்களைப் பங்கிட்டிருக்கும் உங்கள் திட்டத்தையும் படித்தேன். அந்தத் திட்டத்தில் நீங்கள் பார்ப்பதைவிட ஓட்டுவதே அதிகமாக இருக்கும். ஏழு நாளையும் குமரி மாவட்டத்துக்குள்ளேயே செலவிடுங்கள் என்பதுதான் என் பதில். அதற்கான காரணத்தையும் வழியையும் கீழே எழுதுகிறேன்.

பரப்பளவில் தமிழ்நாட்டின் மிகச் சிறிய மாவட்டங்களுள் ஒன்று இது. ஆனால் திருவிதாங்கூர் அரசின் தலைநகரம் 1795 வரை இங்கேதான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்த மண் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதனால் தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் பார்த்துப் பழகிய கோயில், கோட்டை, அரண்மனை எதுவும் இங்கே அதே சாயலில் இருக்காது. இன்னொன்று, இங்கே கடற்கரையையும் வரலாற்றையும் தனித்தனி நாள்களாகப் பிரிக்க முடியாது. மிளகு வணிகத்துக்காகக் குளச்சல் கரையில் இறங்கிய டச்சுப் படை தோற்றது. தோற்ற படையில் சிறைப்பட்ட ஒருவர், பின்னாளில் இந்நாட்டுப் படைக்கே தலைவராகி, கிழக்குக் கரையில் வட்டக்கோட்டையைப் புதுப்பித்தார். அவரிடம் கிறிஸ்தவ நெறியை அறிந்துகொண்ட அரண்மனை அலுவலர் ஒருவர் ஆரல்வாய்மொழி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வட்டக்கோட்டை, காற்றாடிமலை, கோட்டாறு, குளச்சல், உதயகிரி, பத்மநாபபுரம் ஆகிய ஆறும் ஒரே கதையின் ஆறு இடங்கள். கிழக்கிலிருந்து மேற்காகக் கரையோரம் சென்று, பிறகு உள்நாட்டுக்குத் திரும்பினால் இந்தக் கதை தானாகவே அவிழும்.

தங்குவதற்குக் கன்னியாகுமரியில் இரண்டு இரவு, நாகர்கோவிலில் இரண்டு இரவு, தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் ஆகியவற்றுள் ஓரிடத்தில் இரண்டு இரவு என வைத்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. விவேகானந்தர் பாறைப் படகுக்கு ஞாயிற்றுக்கிழமை வரிசை மிக நீளம். ஆகவே ஞாயிறன்று கோவையிலிருந்து புறப்பட்டு, திங்களன்று குமரி முனையைப் பார்த்து, வியாழனன்று அரண்மனைக்குச் செல்லும்படி அமைத்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

மதுரை, திருநெல்வேலி வழியாக வரும் நான்கு வழிச் சாலை காவல்கிணறில் பிரிகிறது. நேரே சென்றால் கன்னியாகுமரி. வலப்புறம் திரும்பினால் ஆரல்வாய்மொழிக் கணவாய். நேர வழி விரைவானது என்றாலும், வெளிச்சம் மிச்சமிருந்தால் கணவாய் வழியாகவே வாருங்கள். முப்பந்தல் காற்றாலைகளைப் பிள்ளைகள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். நாஞ்சில் நாட்டுக்குள் நுழையும் பழைய வாசல் இந்தக் கணவாய்தான். பாண்டியரும் சோழரும் பின்னர் நாயக்கர் படைகளும் இவ்வழியேதான் வந்தார்கள். ஊரை ஒட்டியுள்ள காற்றாடிமலையில்தான் 1752 சனவரியில் தேவசகாயம் பிள்ளை கொல்லப்பட்டார். நட்டாலத்தில் நீலகண்டப் பிள்ளையாகப் பிறந்து அரண்மனைப் பணியில் இருந்த அவரை 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அவர் பெயரை இங்கே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அவருடைய கல்லறை நாகர்கோவிலில் வரும், அவர் வாழ்க்கையை மாற்றியவரின் கல்லறை உதயகிரியில் வரும்.

கன்னியாகுமரியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். படகு காலை 8 மணிக்குத் தொடங்கும். சூரிய உதயத்தைப் பார்த்த கையோடு வரிசைக்குப் போய்விடுவது நல்லது. வெயில் ஏறிய பிறகு பெரியவர்களை அங்கே நிற்க வைக்கக் கூடாது. 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறையில் 1970இல் எழுந்த நினைவு மண்டபத்தையும், 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையையும் இப்போது 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் இணைக்கிறது. முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைப் பாறைக்குப் படகு போகாது. 2024 டிசம்பர் இறுதியில் பாலம் திறந்தபின் அந்தக் குறை நீங்கியது. சிலையின் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. அதன்மேல் நிற்கும் உருவம் 95 அடி, பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்து 95 அதிகாரங்கள். சிற்பி வை. கணபதி ஸ்தபதி செய்த இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

கடலில் கதிரவன் மறைவதைக் குமரி முனையிலிருந்து ஆண்டு முழுவதும் பார்க்கலாம் என்று நினைத்து வருபவர்கள் ஏமாறுவதுண்டு. இங்கிருந்து மேற்குக் கரை வடமேற்காக வளைந்து செல்கிறது. ஆகவே கதிரவன் தெற்கே சாய்ந்திருக்கும் ஐப்பசி முதல் மாசி வரையிலான காலத்தில்தான் அது தெளிவாகக் கடலில் இறங்கும். கோடையில் கரைப்பக்கமாக நிலத்தின்மேல் மறையும். அதனால் முதல் மாலையை வட்டக்கோட்டைக்குக் கொடுத்துவிடுங்கள். ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். கருங்கல் மதிலின்மேல் ஏறி நின்றால் ஒருபுறம் கடல், மறுபுறம் மலைத்தொடரின் கடைசி முடிச்சுகள், காலடியில் கருமணல். கூட்டமும் குறைவு, குமரி முனையைவிட எனக்குப் பிடித்த இடம் இது.

மூன்றாம் நாள் நாகர்கோவிலுக்குப் போகும் இருபது கிலோமீட்டரை ஒரு முழு நாளாக்குங்கள். வழியிலுள்ள மருந்துவாழ் மலையில் நாராயண குரு தவமிருந்த குகை உள்ளது. ஏறுவதென்றால் விடிந்ததும் ஏறிவிட வேண்டும், பெற்றோர் கீழேயே இருக்கட்டும். அருகே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி இருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வழிபட வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் சொன்னவர் அவர். இன்றும் அங்கே ஆண்கள் மேல்சட்டையைக் களைந்து, தலைப்பாகை அணிந்துதான் உள்ளே செல்கிறார்கள்.

அதன்பின் சுசீந்திரம். சிவன், திருமால், அயன் மூவரையும் ஒன்றாக வழிபடும் தாணுமாலயன் கோயிலின் ஏழு நிலைக் கோபுரத்தையும், தட்டினால் சுரம் எழுப்பும் தூண்களையும், 18 அடி அனுமனையும் வழிகாட்டிகளே காட்டிவிடுவார்கள். அவர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். இந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியினரும் நடக்கும் உரிமைக்காக 1926இல் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. பத்தாண்டு கழித்து, 1936 நவம்பர் 12 அன்று, திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். தெப்பக்குளத்தையும் தேரோடும் வீதியையும் அந்த நினைவோடு சுற்றி வாருங்கள். பக்கத்திலுள்ள தேரூர் குளமும் சுசீந்திரம் குளமும் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தவை. மார்கழி, தை மாதங்களில் வந்தால் பறவைகளுக்காகவே ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தலாம். தேரூர், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த ஊரும்கூட.

நாகர்கோவிலில் ஒரு முற்பகலில் இரண்டு இடங்களைப் பார்த்துவிடலாம். நாகராஜா கோயிலில் மூலவர் சன்னிதியின் கூரை இன்றும் ஓலையால்தான் வேயப்படுகிறது, மண்ணே பிரசாதம். முன்மண்டபத் தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் செதுக்கப்பட்டிருப்பதைத் தேடிப் பாருங்கள். பயணத்தின் கடைசியில் சிதறால் மலையில் இதன் தொடர்ச்சி கிடைக்கும். கோட்டாறு, சோழர் கல்வெட்டுகளில் வரும் பழைய வணிக ஊர். அங்குள்ள புனித சவேரியார் பேராலயத்தில்தான் தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. டிசம்பர் 3ஐ ஒட்டிய திருவிழா நாள்களில் வந்தால் காரை வேறெங்கேனும் விட்டுவிட்டு நடந்துதான் செல்ல முடியும்.

மூன்றாம் நாள் மாலை சொத்தவிளை, சங்குத்துறை, மணக்குடி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் காயல்தான் என் தேர்வு. அங்கிருந்த பாலத்தை 2004 சுனாமி அடித்துச் சென்றது. இப்போதுள்ளது பின்னர் கட்டியது. கடலில் இறங்குவது பற்றி ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கரையில் வானம் தெளிவாக, காற்றும் அடங்கியிருக்கும்போதே, தொலைவில் எங்கோ எழுந்த புயலின் விசையால் பெரிய அலை வந்து விழும். மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அப்படியொரு நாளில்தான் கடல் கொண்டுபோனது. எச்சரிக்கை அறிவிப்பு இருக்கும் நாளில் கால் நனைக்கக்கூடப் பிள்ளைகளை விடாதீர்கள். அறிவிப்பு இல்லாத நாளிலும், அங்கே வலை உலர்த்துபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அடுத்த நாள், நாகர்கோவிலைப் பார்த்தபின், மேற்குக் கடற்கரைச் சாலை. முட்டத்தில் தொடங்கி, மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு வழியாகக் குளச்சல் வரை தூரம் குறைவு; ஆனால் மீனவக் கிராமங்களின் நடுவே செல்லும் சாலையில் குழந்தைகள், வலைகள், மீன் வண்டிகள் எல்லாம் இருக்கும், ஆகவே பொறுமையாகத்தான் ஓட்ட வேண்டும். முட்டத்தின் பாறைகளும் கலங்கரை விளக்கமும் திரைப்படங்களில் பலமுறை வந்தவை. மணவாளக்குறிச்சியில் மணல் செம்மையும் கருமையுமாக மாறுவதைக் காணலாம். இல்மனைட், மோனசைட் முதலான கனிமங்கள் கலந்த மணல் அது, மத்திய அரசு நிறுவனம் ஒன்று அதைப் பிரித்தெடுக்கிறது. மண்டைக்காட்டில் பகவதி புற்று வடிவில் இருக்கிறாள். மாசிக்கொடையின்போது கேரளத்திலிருந்து இருமுடி கட்டிவரும் பெண்களின் கூட்டத்தில் சாலையே மறைந்துவிடும்.

குளச்சலில் பார்ப்பதற்கு ஒரு நினைவுத் தூணும் துறைமுகமும்தான் உண்டு. இருந்தாலும் அங்கே நின்று பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லிவிட வேண்டும். 1741இல் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் படை இலங்கையிலிருந்து வந்து இங்கே இறங்கியது. திருவிதாங்கூரின் பழைய வடிவமான வேணாட்டைச் சுற்றியிருந்த சிறு அரசுகளை அதன் மன்னர் மார்த்தாண்டவர்மா ஒன்றன்பின் ஒன்றாக வென்றுகொண்டிருந்ததால், மிளகு கொள்முதலில் டச்சுக்காரர்களுக்கு இருந்த பிடி தளர்ந்தது. போரின் காரணம் அதுதான். கரையோர ஊர்களைப் பிடித்துக்கொண்டு தலைநகரை நோக்கி அவர்கள் நகர்ந்தபோது மார்த்தாண்டவர்மாவின் படை எதிர்கொண்டது. ஆகஸ்டு 10 அன்று குளச்சலில் அவர்கள் தோற்றார்கள். ஓர் ஐரோப்பிய வணிக வல்லரசை இந்திய மன்னர் ஒருவர் போர்க்களத்தில் முறியடித்த இந்நிகழ்ச்சியோடு மலபார்க் கரையில் டச்சு ஆதிக்கம் இறங்குமுகமானது.

சிறைப்பட்டவர்களில் ஒருவர் யூஸ்டேஷியஸ் டி லனாய். மன்னர் அவரைக் கொல்லவில்லை. படையைப் புதிய முறையில் பயிற்றும் பொறுப்பைக் கொடுத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து, வலிய கப்பித்தான் (பெரிய தளபதி) என்ற பெயரோடு 1777இல் இறந்த அவர், புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார். வியாழக்கிழமை முற்பகலை அங்கே தொடங்குங்கள். கோட்டை இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மரநிழலில் நடந்தால் கூரையில்லாத தேவாலயத்துக்குள் அந்தக் கல்லறை வரும். கல்லில் தமிழும் இலத்தீனும் இருக்கின்றன. தேவசகாயத்துக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகம் செய்தவர் இந்த டி லனாய்தான்.

அங்கிருந்து தக்கலை வழியாகச் சிறிது தூரத்தில் பத்மநாபபுரம். தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. மாநில எல்லை மாறியபோது செய்துகொண்ட ஏற்பாடு அது. இந்த ஏழு நாளில் ஓர் இடத்தில் மட்டும் நேரக் கணக்குப் பார்க்கக்கூடாது என்றால் அது இங்கேதான். கல்லால் எழும்பிய தமிழக அரண்மனைகளைப் பார்த்த கண்ணுக்கு மரம், ஓடு, சுண்ணாம்பு ஆகியவற்றால் ஆன இந்த வளாகம் முதலில் எளிமையாகத் தோன்றும். உள்ளே போகப் போகத்தான் அதன் அருமை விளங்கும். முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் ஒன்றைப்போல் ஒன்று இல்லாத பூக்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மந்திரசாலையில் மரச்சட்டங்களின் இடைவெளி வழியாகக் காற்றும் வெளிச்சமும் அளவாக வரும். கோடை நண்பகலிலும் அறை குளிர்ந்திருக்கும். கண்ணாடிபோல் பளபளக்கும் கருந்தரை, சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் செய்தது என்பார்கள். வளாகத்திலேயே பழைமையான தாய்க்கொட்டாரம், மேல்தளத்தைப் பத்மநாபருக்கென விட்டுவைத்த நான்கடுக்கு உப்பரிகை மாளிகை, ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்ட ஊட்டுப்புரை, கருங்கல் தூண்கள் நிற்கும் நவராத்திரி மண்டபம் என்று வரிசை நீளும். இந்த மண்டபத்தை ஒட்டிய கோயிலின் சரசுவதியும், குமாரகோவில் முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் வரை ஊர்வலமாகப் போய் வருகிறார்கள். தலைநகரம் மாறியபோது தெய்வங்களுக்கு ஏற்பட்ட பயணம் அது. காலை 9 மணிக்குத் திறந்து நண்பகலில் இடைவேளை விடுவார்கள். மரப்படிகள் செங்குத்தானவை, காலணி அணிய அனுமதியில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளப் பகுதிகளை மட்டும் பார்த்துவிட்டு முற்றத்தில் அமர்வது நல்லது.

தக்கலையில் சூஃபிக் கவிஞர் பீர் முகம்மது அப்பாவின் தர்காவும், அருகே இந்த நாட்டுக்கே பெயர் கொடுத்த திருவிதாங்கோடும் இருக்கின்றன. திருவிதாங்கோட்டு அரைப்பள்ளியை அப்போஸ்தலர் தோமாவே நிறுவினார் என்பது அங்குள்ள கிறிஸ்தவர்களின் மரபு நம்பிக்கை. சிவராத்திரியை ஒட்டிப் பக்தர்கள் ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் ஒன்றும் அதே சிற்றூரில் உண்டு.

கடைசி இரண்டு நாளுக்கு மலையடிவாரம். இங்கே நிலமே வேறாகிவிடும். வயலும் தென்னையும் போய் ரப்பரும் கிராம்பும் வரும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழுமையாகத் தரிசிக்க முடியும்; 22 அடி நீளத்தில் கடுசர்க்கரை என்னும் மூலிகைக் கலவையால் ஆன சயனத் திருமேனி அது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் நடக்காதிருந்த குடமுழுக்கு 2022 சூலையில்தான் நடந்தது. அருகிலுள்ள மாத்தூர் தொட்டிப்பாலத்தில் 115 அடி உயரத்தில் கால்வாய் ஒன்று பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. காமராசர் ஆட்சியில் திட்டமிட்டு 1960களில் கட்டி முடித்த பாசனப் பாலம் அது. சுற்றுலாவுக்காக எழாத ஒரு கட்டுமானம் இவ்வளவு அழகாக அமைவது அரிது. திற்பரப்பு அருவியில் பெற்றோரும் குளிக்கலாம். ஆனால் மழை நாள்களில் கோதையாற்றில் நீர் பெருகினால் தடை விதிப்பார்கள்.

சிதறால் மலையை மறுநாள் காலைக்கு வையுங்கள். கல் பாவிய பாதையில் ஏறினால், பாறையின் பக்கச்சுவரில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். இப்பகுதியை ஆண்ட ஆய் மரபு மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும் அங்கே உண்டு. பிற்காலத்தில் அது பகவதி கோயிலாக மாறியது. புதுக்கடைப் பக்கம் பார்த்திபசேகரபுரத்தில், அதே ஆய் மரபின் கருநந்தடக்கன் 866இல் 95 மாணவர்களுக்காக ஒரு சாலையை, அதாவது கல்விக்கூடத்தை, நிறுவியதைச் செப்பேடு சொல்கிறது. கோயில் மட்டும் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அங்கிருந்து தேங்காப்பட்டணம் பக்கம்தான். குழித்துறையாறு கடலில் சேரும் இடம். இந்த ஆற்றுக்கும் தாமிரபரணி என்றே பெயர், ஆனால் நெல்லையின் பொருநைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமலிருக்க முடியாது. மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த சாளை மீன் குழம்பும், புட்டும் பயறும் பப்படமும், தீயல், மாலைச் சாயாவோடு ரசவடை ஆகியவற்றை இவ்வூர்ச் சிறு கடைகளில்தான் தேட வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழத்தை ஒரு சீப்பு வாங்கிக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பிஸ்கட் தேவைப்படாது. பருவம் வாய்த்தால் அக்கானியும் கிடைக்கும். பதநீரைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்.

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்வதால், வரைபடம் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். பள்ளி, அலுவலக நேரத்தில் அதைப்போல் ஒன்றரை மடங்கு ஆகும். குறுக்கு வழி என்று கைப்பேசி காட்டும் தெருக்களில் எதிரே ஒரு ஆட்டோ வந்தால்கூடப் பின்னோக்கிப் போக நேரிடும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் இது. மார்கழி பிற்பகுதி முதல் மாசி வரை வருவது எல்லாவற்றுக்கும் ஏற்றது. ஐயப்பப் பக்தர்கள் வரும் காலம் என்பதால் கன்னியாகுமரி அறைகளை மட்டும் முன்பதிவு செய்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் திருவனந்தபுரத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று உங்கள் தந்தையார் விரும்பினால், காரை மார்த்தாண்டத்தில் விடுதியிலேயே விட்டுவிட்டுக் குழித்துறை நிலையத்தில் காலை இரயிலைப் பிடியுங்கள். பத்மநாபசுவாமி கோயிலுக்கு ஆண்களுக்கு வேட்டியும் பெண்களுக்குச் சேலையும் வேண்டும். பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டால் அங்கே போய் வாடகைக்குத் தேட வேண்டியதில்லை.